நொடித்த குடும்பத்துக்கு முதலில் ஆடா, மருந்தா?

கேள்வி இதுதான். மதுரை மாவட்டம் செல்லம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து பணம் போடுகிறார்கள். நோயில் விழுந்து கடனாளியான குடும்பங்களுக்குச் சிறு தொழில் கடன் கொடுத்தால், அந்த வருமானத்தில் உடம்பைத் தேற்றிக்கொள்வார்களா? என்ன தொழிலுக்குக் கொடுப்பது, எப்படித் திரும்ப வாங்குவது?

உசிலம்பட்டி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் பக்கம் மகளிர் குழுக்களோடு நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். தேற முடியும். ஆனால் நீங்கள் போட்டிருக்கிற வரிசை சரிப்படாது. கடன், தொழில், வருமானம், அப்புறம் மருந்து என்று தாளில் எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். நோயாளி இருக்கிற வீட்டில் கடன் வாங்கிய அடுத்த வாரமே தவணை வாசலில் வந்து நிற்கும். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். குட்டி விற்கிற பருவத்துக்கு வர இன்னும் ஆறேழு மாதம். அதுவரை தவணையை யார் கட்டுவது? பாயை விட்டு எழுந்து கூலி வேலைக்குப் போய் அந்த நோயாளிதான் கட்டுவார். உடம்பைத் தேற்ற வாங்கிய கடன் உடம்பையே தின்றுவிடும். இதைத் தடுக்கிற மாதிரி கடனை அமைத்தால் மட்டும் உங்கள் பணம் வேலை செய்யும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் முதலில் மஞ்சப்பையைக் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் சுவர் ஆணியில் தொங்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். அதே பைக்குள் கடன் அட்டைகளும் இருக்கும். செவ்வாய்க்கிழமை ஒரு குழுவுக்கு, வியாழக்கிழமை இன்னொன்றுக்கு, தினமும் சாயங்காலம் தண்டல்காரருக்கு. ஒரு வீட்டில் நான் பார்த்த அட்டையில் கடன் வாங்கிய நோக்கம் ‘ஆடு வளர்ப்பு’ என்று எழுதியிருந்தது. வீட்டில் ஆடு இல்லை, கட்டுத்தறியும் இல்லை. வீட்டுக்காரர் கல்குவாரியில் வேலை பார்த்து காசநோய் வந்து படுத்துவிட்டார். அந்தப் பணம் வந்த அன்றைக்கே தண்டலை அடைக்கப் போய்விட்டது. அந்த அம்மாவைப் பொய் சொன்னவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘மருந்துச் செலவு, பழைய கடன்’ என்று உள்ளதைச் சொன்னால் யாரும் கடன் தரமாட்டார்கள், ஆடு என்றால் தருவார்கள். நீங்களும் ‘தொழிலுக்கு மட்டும்’ என்று அறிவித்தால் உங்களுக்கும் இதே ஆட்டைத்தான் காட்டுவார்கள்.

அதனால் முதல் கடன் பழைய கடனை அடைக்கத்தான் இருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். அஞ்சு வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கியிருந்தால் மாதம் 1,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. ஒரு வருடத்தில் 12,000 கட்டியும் அசல் அப்படியே நிற்கும். நீங்கள் வட்டியில்லாமல் அந்த 20,000-ஐக் கொடுத்து, மாதம் அதே 1,000 ரூபாயை வாங்கினால் இருபது மாதத்தில் கடனே முடிந்துபோகும். குடும்பம் கூடுதலாக ஒரு ரூபாய் சம்பாதிக்கத் தேவையில்லை. தண்டல் இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதி, கையில் எட்டாயிரத்து ஐந்நூறு கொடுத்து, நூறு நாளுக்குத் தினம் நூறு ரூபாய் வாங்குவார்கள். வருடக் கணக்குப் போட்டால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இதிலிருந்து ஒரு வீட்டை வெளியே எடுத்தால் கிடைக்கிற லாபத்தை எந்த ஆடும் மாடும் தராது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அடைக்கிற பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு நேரில் போய்க் கட்டுங்கள். எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் அடகு வைத்த பொருளையும் கையோடு திருப்பி வாங்குங்கள். கந்து வட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது என்பது கடன் கொடுத்தவருக்கும் தெரியும். அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் அநேகமாக வராது.

இது நான் கண்டுபிடித்த வழி ஒன்றும் கிடையாது. மதுரைப் பக்கம் 1990-ல் தொடங்கி, பிறகு தானம் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்த களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களே இதற்குச் சாட்சி. அழகர்கோயில் பக்கத்தில் விவசாயக் கூலியாக இருந்த சின்னப்பிள்ளை அம்மாள் அந்த இயக்கத்திலிருந்து வந்தவர்தான். 2001-ல் டெல்லியில் விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் படத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் குழுக்கள் தழைத்ததற்குக் காரணம் அவற்றின் உள்கடன். குழந்தைக்குக் காய்ச்சல், அடகு மீட்க வேண்டும், வீட்டில் அரிசி இல்லை என்று எதற்குக் கேட்டாலும் தங்கள் சேமிப்பிலிருந்தே சிறு தொகையைக் கொடுத்துக்கொண்டார்கள். தொழில் கடன் அதற்கப்புறம் வந்தது.

தொழில் கடன் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஹைதராபாத்தில் 104 குடிசைப் பகுதிகளை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ குழுவினர் செய்தது, முடிவுகள் 2015-ல் வெளியாயின. ஏற்கெனவே கடை, தொழில் வைத்திருந்தவர்கள் கூடுதலாக முதல் போட்டார்கள். உடல்நலம், குழந்தைகள் படிப்பு என்று பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. அதே வருடம் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வும் வெளிவந்தது. பரம ஏழைக் குடும்பத்துக்கு ஆடு, மாடு போன்ற ஒன்றை இலவசமாகவே கொடுத்து, சில மாதம் சாப்பாட்டுக்கும் பணம் கொடுத்து, வாரா வாரம் போய்ப் பார்த்து, சேமிக்கவும் பழக்கினார்கள். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002-ல் ஆரம்பித்த முறை அது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்த வீடுகளில் சாப்பாடும் வருமானமும் முன்னைவிட மேலாக இருந்தன. அடிமட்டத்தில் இருப்பவருக்குக் கடனைவிடக் கொடை நன்றாக வேலை செய்கிறது என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது திரும்பி வராத பணம் என்று முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

மருத்துவச் செலவுக்கு உங்கள் கடன் பெரும்பாலும் தேவையே இல்லை. மதுரையில் ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது, தோப்பூரில் காசநோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு. தேவைப்படுவது அந்த அட்டை. விஏஓவிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்கு ஒரு நாள் போய்வர வேண்டும். அந்த ஒரு நாள் கூலியும் பஸ் செலவும்தான் பல வீடுகளைத் தடுக்கிறது. நண்பர்களில் ஒருவர் லீவில் வந்து, வேன் வைத்து ஊரையே ஒரு நாள் அழைத்துப்போனால், அது நீங்கள் கொடுக்கப்போகிற கடன்களைவிடப் பெரிய காரியம்.

கண்ணும் அப்படித்தான். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று கிராமம் கிராமமாக முகாம் போடுகிறது. கண்புரை என்று தெரிந்தால் அழைத்துப்போய், இலவசமாக ஆபரேஷன் செய்து, சாப்பாடும் போட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். பார்வை மங்கி வேலையை விட்டவருக்குப் பெட்டிக்கடை வைத்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் முகாமுக்கு அனுப்புங்கள். பார்வை வந்தால் அவர் பழைய வேலைக்கே போய்விடுவார், கடையும் வேண்டாம், கடனும் வேண்டாம்.

ஆஸ்பத்திரி இலவசம் என்றாலும் குடும்பம் நொடிக்கிறதே, எப்படி? கூலி நின்றுபோகிறது, துணைக்கு இருக்கிறவரின் கூலியும் நிற்கிறது, சாப்பாடு குறைகிறது. காசநோயில் இது நன்றாகத் தெரியும். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம், சானடோரியத்தில் படுத்திருக்கத் தேவையில்லை என்பதை 1950-களிலேயே சென்னையில் நடந்த ஆய்வுதான் உலகத்துக்குக் காட்டியது. ஆனால் வீட்டில் இருக்கிறவரை வேலை கூப்பிடுகிறது. சிகிச்சை ஆறு மாதம். சில வாரத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறிவிட்ட மாதிரி இருக்கும். சரியாக அந்த நேரத்தில் வாரத் தவணை கழுத்தைப் பிடித்தால் மனிதர் வேலைக்குக் கிளம்பிவிடுவார், மாத்திரை விட்டுப்போகும், நோய் திரும்பும்போது பழைய மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம். ஆகவே காசநோய் வீட்டில் அந்த ஆறு மாதமும் உங்கள் தவணை இருக்கக் கூடாது. அந்த ஆறு மாதத்துக்குக் கடனுக்குப் பதில் பருப்பும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள். ஜார்க்கண்டில் காசநோயாளி வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு மாதா மாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, 2023-ல் வெளிவந்த முடிவு இது. நோயாளிக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கென்று வங்கிக் கணக்கில் போடுகிறது. அது ஒழுங்காக ஏறுகிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்துக் கேளுங்கள்.

இனி தொழில். உடம்பு என்ன வேலையைத் தாங்கும், காசு எப்போது கைக்கு வரும், இந்த இரண்டையும் வைத்துத்தான் தொழிலை முடிவு செய்ய வேண்டும். நுரையீரல் கெட்டவருக்கு விறகடுப்பில் இட்லிக்கடை வைத்துக் கொடுப்பது பாவம். கொடுப்பதானால் கேஸ் அடுப்போடு கொடுங்கள். சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தவரை ஆடு மேய்க்க முள்ளுக்காட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆபரேஷன் முடிந்து எடை தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட பெண்ணுக்குக் கறவை மாடு வேண்டவே வேண்டாம். தண்ணீர் சுமந்தே வயிறு இழுத்துக்கொள்ளும். அவருக்குப் பூக்கட்டுவது சரிப்படும். உட்கார்ந்த இடத்தில் வேலை, அன்றைக்கே காசு. மல்லிகை விலை நிலையாக நிற்காது என்பது மதுரைக்காரர் எல்லோருக்கும் தெரியும். சித்திரையில் பூ கொட்டும், விலை விழும். மார்கழிப் பனியில் பூவே இருக்காது, விலை ஆயிரங்களில் ஏறும். அதனால் பூ வாங்கி விற்கிறவருக்கு ஒரே தொகையாகத் தூக்கிக் கொடுக்காமல் மாட்டுத்தாவணிக்குப் போய்வரும் அளவுக்கு ஒரு வார முதல் கொடுத்தால் போதும். இப்படித் தினம் காசு பார்க்கிற தொழிலுக்கு வாரத் தவணை வைக்கலாம், கஷ்டம் தெரியாது. சாயங்காலப் பலகாரக் கடை, காய்கறி வியாபாரம் எல்லாம் இந்த வகைதான்.

கறவை மாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். நம் பக்கம் மானாவாரி பூமி. மழை பொய்த்த வருடத்தில் வைக்கோலுக்கும் தீவனத்துக்கும் கொடுத்தே பால் காசு தீர்ந்துபோகும். இன்னொரு வினோதமும் உண்டு. மாடு வந்த வீட்டில் பிள்ளைகள் பால் குடிப்பார்கள் என்று நாம் நினைப்போம். தவணை நெருக்கினால் கடைசிச் சொட்டு வரைக்கும் பால் சொசைட்டிக்குப் போகும், பிள்ளைக்கு வரக்காப்பிதான். மாட்டுக்குக் கடன் கொடுத்தே தீர வேண்டும் என்றால் அரை லிட்டர் வீட்டில் நிற்க வேண்டும் என்று பேசிவிட்டு, அந்த அரை லிட்டரைக் கழித்தே தவணையைக் கணக்குப் போடுங்கள்.

என் கணக்கில் இந்த ஊர்களுக்கு ஆடுதான் தோது, அதுவும் இரண்டே இரண்டு. தாய் ஆடாக, சினை பிடித்து இரண்டு மூன்று மாதம் ஆனதாக வாங்கினால் குட்டி போடும்வரை காத்திருப்பது பாதியாகும். கன்னி இன ஆடு கிடைத்தால் நல்லது, இரட்டைக்குட்டி போடும். திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஆனால் இந்தக் குடும்பங்களுக்குச் சந்தை ஆடு வேண்டாம் என்பேன். பத்து ஊர் ஆடு நெருக்கியடித்து நிற்கிற இடம், வாங்கி வந்த வாரத்திலேயே மூக்கில் சளி ஒழுகி, கழிச்சல் கண்டு செத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளூரில், தாயையும் போன ஈற்றுக் குட்டிகளையும் கண்ணால் பார்த்து வாங்குவது மேல். பல்லைப் பார்க்கவும் மடியைப் பிடித்துப் பார்க்கவும் ஊரில் ஆடு மேய்க்கும் கீதாரியோ வயதான பாட்டியோ கட்டாயம் இருப்பார், அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும், மழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கும் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட வேண்டும். மேய்க்க ஆள் இல்லாத வீட்டுக்கு அகத்தியும் வேலிமசாலும் நாலு வரிசை ஊன்றிக் கொடுங்கள், கொல்லையிலேயே கட்டிப் போடலாம். இதற்கு வாரத் தவணை, மாதத் தவணை இரண்டுமே வேண்டாம். குட்டி விற்கிற அன்றைக்குப் பாதிப் பணம் உங்களுக்கு, பாதி வீட்டுக்கு. ஆடு நோயில் செத்தால் கடன் தள்ளுபடி. செத்ததா விற்றதா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். கால்நடை மருத்துவரின் ஒரு வரிச் சான்று போதும்.

வெளியே ஏற்கெனவே கடன் இருக்கிற வீடுகளுக்கு நுண்கடன் கொடுக்கிற வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்குப் பிறகும் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டி வசூலிப்பதற்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025-ல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயை நம்பித் தவணை போடுவதையும் நிறையப் பார்க்கிறேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள், அது வீட்டில் முட்டைக்கும் பாலுக்கும் இருக்கட்டும்.

பணத்தை யார் மூலம் கொடுப்பது? நேரடியாக நீங்களே வட்டிக்குக் கொடுக்க ஆரம்பித்தால் 1957-ஆம் வருட வட்டிக்கடைச் சட்டத்தின்படி உரிமம் கேட்பார்கள். வட்டியே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். சிங்கப்பூர் நண்பர்களில் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து தருவதில் சிக்கல் இல்லை. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும், அதற்கென்று பதிவு செய்த அமைப்புதான் வாங்க முடியும். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். ஊராட்சியில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு இருக்கும், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், அவர்கள் வழியாகக் கொடுப்பது நல்லது.

ஆனால் யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியலைக் கூட்டமைப்பை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். நொடித்துப்போன வீடு எப்போதோ குழுவிலிருந்து விலகியிருக்கும், அல்லது விலக்கியிருப்பார்கள். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் பெண் ஒருவர் உங்கள் ஊருக்கும் வருவார். எந்த வீட்டில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நோயாளியின் சம்மதம் கேட்டுக்கொண்டு அவர்களிடம் பேசுங்கள்.

முதல் வருடம் பத்து வீட்டுக்கு மேல் வேண்டாம். காப்பீட்டு அட்டை, கண் முகாம், பழைய கடன் அடைப்பு, இவற்றை இப்போதே ஆரம்பிக்கலாம். ஆடு வாங்குவதைப் புரட்டாசிக்குத் தள்ளிப்போடுங்கள். கறி தின்கிறவர்கள் குறைந்து அந்த மாதம் விலை இறங்கும், தீபாவளி நெருங்கினால் ஏறிவிடும்.